மைதானம் கட்டலாமா? ஓட்டுப் போட்டுச் சொன்ன மூனிச் மக்கள்!

ஒரு நகரத்தில் பெரிய விளையாட்டு மைதானம் கட்ட வேண்டும். யாரைக் கேட்பார்கள்?

மந்திரியைக் கேட்பார்கள். மேயரைக் கேட்பார்கள். பணம் போடுகிறவர்களைக் கேட்பார்கள்.

ஜெர்மனி நாட்டில் உள்ள மூனிச் நகரிலோ, ஊர் மக்களையே கேட்கிறார்கள்!

"வேண்டும்" அல்லது "வேண்டாம்" என்று மக்கள் ஓட்டுச் சீட்டில் குறி போடுகிறார்கள். எந்தப் பக்கம் ஓட்டு அதிகமோ, அதுவே முடிவு.

மூனிச், பவேரியா மாநிலத்தின் தலைநகர். ஊர்க் காரியங்களில் இப்படி ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் உரிமையை, அந்த மாநில மக்கள் 1995-ம் ஆண்டில் பெற்றார்கள். அந்த உரிமையும் ஓட்டெடுப்பின் மூலம் கிடைத்ததுதான்.

அதன் பிறகு, பெரிய விளையாட்டுத் திட்டங்களுக்காக மூனிச் மக்கள் 3 முறை ஓட்டுப் போட்டார்கள். 2001-ல் "சரி" என்றார்கள். 2013-ல் "வேண்டாம்" என்றார்கள். 2025-ல் மீண்டும் "சரி" என்றார்கள்.

ஊர் ஒன்றுதான். பதில் மட்டும் ஏன் மாறியது?

இடிந்த வீடுகள் குன்று ஆயின

இதற்கு விடை காண, பழைய கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

2-வது உலகப் போரில் மூனிச் நகரின் மீது குண்டு மழை பொழிந்தது. வீடுகள் இடிந்து தரைமட்டம் ஆயின. போர் முடிந்ததும், அந்தக் கல்லையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு போய், நகரின் வடக்கே ஒரு வெளியில் கொட்டினார்கள். அது பெரிய குன்று ஆகிவிட்டது!

1972-ம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயம் மூனிச்சில் நடந்தது. அந்தக் குன்றின் அருகிலேயே மைதானங்களைக் கட்டினார்கள். குன்றின் மீது புல் வளர்த்தார்கள். மைதானத்தின் மேலே, கூடாரம் விரித்தது போல ஒரு கூரை. வெளிச்சம் ஊடுருவும் தகடுகளால் ஆன அந்தக் கூரையைப் பார்த்து உலகமே வியந்தது.

இந்திய ஹாக்கி அணி அங்கே வெண்கலப் பதக்கம் வென்றது. சென்னையைச் சேர்ந்த கிருஷ்ணமூர்த்தி பெருமாளும் அந்த அணியில் ஆடினார்.

அந்த மகிழ்ச்சிக்கு நடுவே பெரும் துயரமும் நடந்தது. செப்டம்பர் 5-ந்தேதி அதிகாலையில், துப்பாக்கி ஏந்திய பாலஸ்தீன தீவிரவாதிகள் வீரர்கள் தங்கிய இடத்துக்குள் புகுந்தார்கள். இஸ்ரேல் நாட்டு அணியைச் சேர்ந்த 11 பேரும், ஒரு ஜெர்மன் போலீஸ்காரரும் உயிர் இழந்தார்கள். அந்தக் காயத்தை மூனிச் மறக்கவில்லை. அதன் நினைவிடம் ஒலிம்பிக் பூங்காவிலேயே இருக்கிறது.

பந்தயம் முடிந்தது, பயன் முடியவில்லை

ஒலிம்பிக் நடந்த பல ஊர்களில், பந்தயம் முடிந்ததும் மைதானங்கள் பாழடைந்துவிட்டன. மூனிச்சில் அப்படி நடக்கவில்லை.

அமெரிக்க நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸ் 7 தங்கப் பதக்கம் வென்ற நீச்சல் குளம், பிறகு ஊர் மக்களின் குளம் ஆயிற்று. சீட்டு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் நீந்தலாம். வீரர்கள் தங்கிய வீடுகளில் குடும்பங்கள் குடியேறின. வீராங்கனைகள் தங்கிய பகுதி மாணவர் குடியிருப்பு ஆயிற்று. பந்தயத்துக்காக வேகமாகப் போட்ட சுரங்க ரெயில் பாதையில்தான், மக்கள் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

1974-ல் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம் அங்கேதான் நடந்தது. மேற்கு ஜெர்மனி நெதர்லாந்தை 2-1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது. ஒலிம்பிக் நடந்து 50 ஆண்டுகள் கழித்து, 2022-ல் ஐரோப்பிய விளையாட்டுப் போட்டிகளும் அதே பூங்காவில் நடந்தன.

இரண்டு கிளப்புகள், ஒரு மைதானம்

மூனிச்சில் புகழ் பெற்ற கால்பந்து கிளப்புகள் இரண்டு. ஒன்று, 1900-ல் தொடங்கிய பேயர்ன் மூனிச். மற்றொன்று, தன் பிறந்த ஆண்டையே பெயரில் தாங்கிய 1860 மூனிச்.

இரண்டும் ஒலிம்பிக் மைதானத்தில் ஆடி வந்தன. ஆனால் அங்கே ஒரு குறை. ஓட்டப் பந்தயத்துக்கான பாதை நடுவில் கிடந்ததால், ரசிகர்கள் வெகு தூரத்தில் உட்கார வேண்டியிருந்தது. கூரையும் பாதிப் பேருக்குத்தான். மற்றவர்கள் மழையில் நனைந்தார்கள், பனியில் நடுங்கினார்கள்.

"கால்பந்துக்கு என்றே புது மைதானம் வேண்டும்" என்று கிளப்புகள் கேட்டன. 2001 அக்டோபரில் ஓட்டெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 65 பேருக்கு மேல் "சரி" என்றார்கள். மைதானத்தைக் கட்டும் செலவு கிளப்புகளுடையது. சாலை, ரெயில் வசதி போன்றவை பொதுப் பணத்தில் என்று ஏற்பாடு.

2005-ல் அலையன்ஸ் அரீனா மைதானம் திறக்கப்பட்டது. செலவு 34 கோடி யூரோ. 75 ஆயிரம் பேர் ஆட்டம் பார்க்கலாம். பேயர்ன் ஆடும் நாளில் சுவர் முழுவதும் சிவப்பு விளக்கு எரியும். 1860 ஆடிய நாட்களில் நீல விளக்கு எரிந்தது.

நீல விளக்கு நீண்ட நாள் எரியவில்லை! மைதானம் திறக்கும் முன்பே, 2004-ல், 1860 கிளப் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. வருமானம் குறைந்தது. கடன் கழுத்தை நெரித்தது. 2006-ல் தன் பங்கை பேயர்னுக்கே விற்றுவிட்டது. 2017-ல் இன்னும் கீழே விழுந்து, சுமார் 15 ஆயிரம் பேர் கொள்ளும் பழைய மைதானத்துக்கே திரும்பியது. அந்தப் பழைய மைதானம் நகரசபைக்குச் சொந்தம்.

"சரி" என்று ஊர் சொல்லிவிட்டால் மட்டும் போதாது; கடனைக் கட்டத் தெம்பு வேண்டும். இதுதான் 1860 கிளப்பின் கதை சொல்லும் பாடம்.

பனி விளையாட்டு வேண்டாம்

அடுத்த கேள்வி 2013 நவம்பரில் வந்தது. 2022-ம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக்கை மூனிச் கேட்கலாமா? மூனிச்சிலும், மலைப் பக்கத்தில் 3 இடங்களிலும் ஓட்டெடுப்பு நடந்தது. நான்கு இடத்திலும் "வேண்டாம்" என்றே முடிவு! மூனிச்சில் நூற்றுக்கு 52 பேர் எதிர்த்தார்கள்.

ஏன்? மலையும் காடும் கெட்டுவிடும் என்று பயந்தார்கள். ஒலிம்பிக் கமிட்டி போடும் நிபந்தனைகளும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. லாபம் கமிட்டிக்கு, கடன் ஊருக்கு என்றால் யார்தான் சம்மதிப்பார்கள்?

மீண்டும் "சரி"

2025 அக்டோபர் 26-ந்தேதி மூன்றாவது ஓட்டெடுப்பு. 2036, 2040, 2044 ஆகிய ஆண்டுகளில் ஏதாவது ஒன்றில் கோடைக்கால ஒலிம்பிக்கை நடத்த மூனிச் முன்வரலாமா என்பது கேள்வி. நூற்றுக்கு 66 பேர் "சரி" என்றார்கள்.

இந்த முறை, "புது மைதானங்கள் அதிகம் வேண்டாம், இருப்பதே போதும்" என்று நகரசபை சொன்னது. வீரர்களுக்குக் கட்டும் வீடுகள் பிறகு மக்களுக்குப் போகும் என்றது. ரெயில் வசதி பெருகும் என்றது. 1972-ல் அப்படி நடந்ததை மக்கள் கண்ணால் கண்டவர்கள். ஆகவே நம்பினார்கள்.

எதிர்த்தவர்களின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஜெர்மனியிலேயே வீட்டு வாடகை மிக அதிகமாக உள்ள பெரிய நகரம் மூனிச். ஒலிம்பிக் வந்தால் வாடகை மேலும் ஏறாதா? கணக்குப் போட்டதைவிடச் செலவு கூடினால் யார் கொடுப்பது? இந்தக் கேள்விகளுக்கு ஓட்டுப் பெட்டி பதில் சொல்லாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓட்டுரிமை உள்ளவர்களில் நூற்றுக்கு 42 பேரே ஓட்டுப் போட்டார்கள். மூனிச்சின் இத்தகைய ஓட்டெடுப்புகளில் அதுவே மிக அதிகம். என்றாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் வாய் திறக்கவில்லை!

மேலும், ஊர் "சரி" என்றதால் ஒலிம்பிக் வந்துவிடாது. பெர்லின், ஹாம்பர்க் போன்ற ஜெர்மன் நகரங்களும் போட்டிக்கு நின்றன. எந்த நாட்டுக்கு என்று முடிவு செய்வது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி.

மூனிச் மக்கள் விளையாட்டின் எதிரிகள் அல்ல. பேயர்ன் கிளப்பில் மட்டும் 4 லட்சம் உறுப்பினர்களுக்கு மேல் இருக்கிறார்கள். ஆனாலும் விளையாட்டு என்றதும் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டவில்லை. "பந்தயம் முடிந்த பிறகு எங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டார்கள். நீச்சல் குளமும் வீடும் ரெயிலும் மிஞ்சும் என்று நம்பியபோது "சரி" என்றார்கள். கடன்தான் மிஞ்சும் என்று தோன்றியபோது "வேண்டாம்" என்றார்கள்.

ஒலிம்பிக் பந்தயம் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். அதற்காகக் கட்டிய கட்டடமும், வாங்கிய கடனும் பல ஆண்டுகள் இருக்கும். அவற்றோடு வாழப் போகிறவர்களை முதலில் கேட்பதுதானே முறை!