எந்த வயர் இல்லை?

உச்சிப்புளியில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய மாமா போன் செய்தார். "வயர்லெஸ் ரூட்டர்னுதானே மாப்ளே குடுத்தான்? பின்னால ரெண்டு வயர் தொங்குது. நெட்டும் வரல. ஏமாத்திட்டானா?"

கடைக்காரர் ஏமாற்றவில்லை. குழப்புவது அந்தச் சொல்தான். அதிலுள்ள 'லெஸ்' குறைவைச் சொல்லும் லெஸ் அல்ல. 'இல்லாத' என்ற பொருளில் பழைய ஆங்கிலத்தில் இருந்த வேறொரு சொல்லிலிருந்து வந்த விகுதி. 1901-ல் மார்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சிக்னல் பெற்றபோது, தந்திக்குக் கம்பி வேண்டாம் என்பதுதான் அதிசயம். கம்பியில்லாத் தந்தி என்று நாமும் சரியாகவே சொன்னோம். பிறகு பிரிட்டனில் அந்தப் பெயரடையே ரேடியோ பெட்டிக்குப் பெயராகிவிட்டது. நம் பக்கம் போலீஸ்காரர் கையில் இருப்பதும் 'வயர்லெஸ்'தானே!

ஆக, இரண்டு கருவிகளுக்கு நடுவே தகவல் போகும் வயர் மட்டும்தான் இல்லை. ரூட்டருக்குக் கரண்ட் வேண்டும், இன்டர்நெட்டைக் கொண்டுவரும் கேபிள் வேண்டும். வயர்லெஸ் மவுஸுக்கு பேட்டரி வேண்டும். எந்த வயர் இல்லை என்று பெட்டியின் மேல் தமிழில் ஒரு வரி அச்சிட்டால் தயாரிப்பாளர்களுக்கு என்ன நஷ்டம்? அதுவரை, வாங்கும்போது நீங்களே கேட்டுவிடுங்கள்.

மாமாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். சற்று நேரம் பேச்சில்லை.

"அப்ப அந்த ரெண்டையும் நான் பிடுங்கினதுதான் தப்பா?" என்றார்.