விற்கப்போகும் வீட்டிற்கு எவ்வளவு செலவிடலாம்?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பெற்றோர் கட்டிய வீட்டை விற்க நினைக்கும் குடும்பங்கள் இன்று பல உண்டு. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை தேடிச் சென்று அங்கேயே நிலைத்துவிடுகின்றனர். முதியவர்கள் மட்டும் பெரிய வீட்டில் தனித்திருக்கின்றனர். மகளின் திருமணமோ, மருத்துவச் செலவோ வரும்போது விற்பனைப் பேச்சும் எழுகிறது. பேச்சு எழுந்த மறுநாளே, "தளத்திற்கு டைல்ஸ் போட்டால் இரண்டு லட்சம் கூடுதலாகக் கேட்கலாம்" என்று யாரேனும் ஒருவர் சொல்லிவிடுகிறார். சொல்பவர் பெரும்பாலும் டைல்ஸ் போடும் மேஸ்திரியாகவே இருப்பார் என்பதையும் வாசக அன்பர்கள் கவனித்திருக்கலாம்.

செலவிடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வரப்போகிறவர் வீட்டை வாங்குகிறாரா, மனையை வாங்குகிறாரா? நம் பகுதியில் கடைத்தெருவை ஒட்டிய பழைய ஓட்டு வீடுகளும், மரக்கட்டையும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைத்த மெட்ராஸ் தள வீடுகளும் பெரும்பாலும் இடித்துக் கட்டுவதற்காகவே வாங்கப்படுகின்றன. அப்படி வாங்குகிறவர் சென்ட் கணக்கில்தான் விலை பேசுவார். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 435 சதுர அடி. அந்த அடிகளுக்கே அவர் பணம் தருகிறாரேயன்றி, சுவரில் நாம் பூசிய வண்ணத்திற்கு அன்று. இத்தகைய வீட்டிற்குச் செய்யும் அலங்காரம் முழுவதும் கடப்பாரைக்கே இரையாகும். அதற்கு மாறாக, அவ்வீட்டிலுள்ள தேக்குக் கதவு, நிலை, தூண், உத்திரம் ஆகியவற்றிற்குப் பழைய மரக்கடைகளில் விலை உண்டு. அவை விற்பனையில் சேருமா, சேராதா என்பதை முன்பணம் வாங்குமுன்னரே பேசி எழுதிக்கொள்வது நல்லது. பின்னர் ஒரு கதவிற்காக மனக்கசப்பு உண்டாவதை நாம் கண்டிருக்கிறோம்.

குடியிருப்பதற்காக வாங்குகிறவர் வந்தால் நிலைமை வேறு. அவர் முதலில் அஞ்சுவது தண்ணீருக்கே. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது; தென்பெண்ணையும் கரைமீறி ஓடியது. அதன் பின் நம் ஊர்ப்பக்கம் வீடு பார்க்க வருகிறவர், "அன்று தண்ணீர் உள்ளே வந்ததா?" என்று கேட்பது இயல்பே. ஆகவே கையில் உள்ள பணத்தை முதலில் மொட்டைமாடிக்குச் செலவிடுவதே முறை. பெயர்ந்த தட்டோடுகளை மாற்றி, நீர் தேங்காதவாறு வாட்டம் சரிசெய்து, மழைநீர்க் குழாயின் அடைப்பை நீக்கி, கைப்பிடிச் சுவரின் அடியில் உள்ள வெடிப்பை அடைத்தால் போதும். அதன் பின் ஒழுகும் குழாய், பழுதான மின்கம்பி, நிரம்பி வழியும் கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றைக் கவனிக்கலாம். இவை வீட்டின் விலையை ஏற்றுவன அல்ல. ஆனால் இவை சரியாக இல்லையேல் வந்தவர் விலையைக் குறைத்துக் கேட்பார், அல்லது திரும்பியே வரமாட்டார்.

சுவர்ப் பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. ஓதம் ஏறிய சுவரில் அவசரமாக அடித்த பெயின்ட் சில மாதங்களிலேயே உப்புப் பூத்து உரிந்துவிடும். நீர் வரும் வழியை அடைத்து, சுவரை நன்கு காயவிட்டு, அதன் பின்னரே அடிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்த பின் செய்தால் இவ்வேலை நிற்கும். நிறத்தைப் பொறுத்தவரை வெள்ளையோ சந்தனமோ போதும். நமக்குப் பிடித்த பச்சை, வாங்குகிறவருக்குப் பிடிக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லையே.

சமையலறைக்குக் கருங்கல் மேடை, கூடத்திற்குப் பொய்க்கூரை, தளத்திற்கு விலையுயர்ந்த கல் ஆகியவை வேறு இனம். நாம் அறிந்த ஒரு குடும்பத்தார் நகையை அடகு வைத்து இரண்டரை லட்ச ரூபாய்க்குச் சமையலறையைப் புதுப்பித்தனர். வாங்கியவரோ வாஸ்து பார்த்து அடுப்பு மேடையை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். அடகு மீளுமுன் மேடை போய்விட்டது. இன்னொன்றும் உண்டு. தமிழகத்தில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஏழும், பதிவுக் கட்டணம் நூற்றுக்கு இரண்டும் ஆக மொத்தம் ஒன்பது செலுத்த வேண்டும். உண்மை விலையை எழுதினால், நாம் ஏற்றும் ஒவ்வொரு லட்சத்திற்கும் வாங்குகிறவர் மேலும் ரூ.9,000 தேட வேண்டும். வங்கிக் கடன் பெற்று வாங்குவோராயின், வங்கியின் மதிப்பீட்டாளர் கட்டடத்தின் வயதைக் கணக்கிட்டுத் தேய்மானம் கழிப்பார். புதுப் பளபளப்பு அவர் கணக்கை அதிகம் மாற்றுவதில்லை.

இனி, வெளிப்படையாகப் பேசக் கூசும் ஒரு காரியம். கரிசல் பாங்கான மண் உள்ள இடங்களில் மழையில் மண் உப்பி, கோடையில் சுருங்கும். அதனால் சுவரில் வெடிப்பு விழும். பூச்சு மட்டும் மெல்லியதாகக் கீறியிருப்பது வேறு. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலேறிக் கை விரல் நுழையும் அளவிற்கு விரிந்திருப்பது வேறு. பின்னதைச் சிமெண்டால் மெழுகி, மேலே பெயின்ட் அடித்து விற்பதையும் 'ரிப்பேர்' என்றே சிலர் அழைக்கின்றனர். சட்டம் அவ்வாறு அழைக்கவில்லை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுகொள்ள இயலாத முக்கியமான குறையை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடியாகவே கொள்ளப்படும். அந்த வீட்டில் உறங்கப்போவது இன்னொருவருடைய பிள்ளைகள். வெடிப்பைக் காட்டி, செப்பனிட ஆகும் தொகையைக் கொத்தனாரிடம் கேட்டுச் சொல்லி, அதைக் கழித்துக்கொண்டு விலை பேசினால் விற்பனை நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பேரம் சற்று நீளும், அவ்வளவே.

சுவரைவிடப் பெரிய வெடிப்பு பல குடும்பங்களில் பத்திரத்தில் இருக்கிறது. வீடு இன்னும் இறந்த தந்தையின் பெயரில் இருக்கும். பட்டா பாட்டனார் பெயரில் இருக்கும். மின் இணைப்பு வேறொருவர் பெயரில் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் எழுதாமல் கணவர் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சிய இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். இதில் மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. திருமணத்தில் சீர் செய்தாயிற்று என்பதால் மகளின் பங்கு அற்றுப்போவதும் இல்லை. அண்ணன் தம்பிகள் கூடித் தளத்தை உடைத்துப் புதுக்கல் பதித்து, விலை பேசி, முன்பணமும் வாங்கிய பின்பு, "தங்கச்சி கையெழுத்து வேண்டுமாம்" என்று தங்கையின் வீட்டுக் கதவைத் தட்டும் காட்சி அரிதன்று. அந்தத் தங்கை அப்போது கேட்கும் கேள்விக்கு அண்ணன்மாரிடம் விடை இருப்பதில்லை. ஆகவே கொத்தனாரை அழைக்குமுன் உடன்பிறந்தாரை அழையுங்கள். வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பட்டா மாறுதல், தாய்ப்பத்திரம், வீட்டுவரி ரசீது ஆகியவற்றிற்கு ஆகும் செலவு ஒரு கூடத்திற்கு டைல்ஸ் போடும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு. ஆனால் இவையின்றி வீடு விலைபோகாது.

செய்யும் வேலைக்கு ரசீது வாங்கி வையுங்கள். வீட்டோடு நிலைத்திருக்கும் புதிய அறை, கழிப்பறை போன்றவற்றின் செலவை வருமானவரிக் கணக்கில் மூலதன ஆதாயத்திலிருந்து கழித்துக்கொள்ள இடமுண்டு. வழக்கமான வெள்ளையடிப்பிற்கு அச்சலுகை இல்லை. 2024 ஜூலை 23க்குப் பின் நெடுங்கால ஆதாயத்திற்கு வரி நூற்றுக்குப் பன்னிரண்டரை. அதற்கு முன் வாங்கிய வீடாயின், விலைவாசி உயர்வைக் கணக்கிட்டு நூற்றுக்கு இருபது செலுத்தும் பழைய முறையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கணக்கரிடம் விற்குமுன் கேளுங்கள். விற்ற பின் கேட்பவருக்கு அவர் பரிதாபப்பட மட்டுமே இயலும். முன்பணத்தை ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கலாகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

வீட்டைக் காட்டும் நாளில் சன்னல்களைத் திறந்து வையுங்கள். பரணில் கிடக்கும் உடைந்த நாற்காலிகளையும் பழைய செய்தித்தாள்களையும் அகற்றுங்கள்; அறை இரு மடங்கு பெரிதாகத் தோன்றும், இதற்குச் செலவும் இல்லை. கிணற்றில் அல்லது ஆழ்துளைக் குழாயில் கோடையில் எவ்வளவு நீர் வரும் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். மழை பெய்யும் நாளில் ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்று வாங்குகிறவர் கேட்டால், வரச் சொல்லுங்கள்.