கொக்கி வளைத்த காகம்



"பிள்ளைக்குத் தானாக ஒன்றும் தோன்றுவதில்லை, எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது" என்று குறைப்படும் தாய்மார்கள் உண்டு. அவர்களுக்காக இம்முறை ஒரு காகத்தின் கதை. பானையில் கல் போட்ட காகமல்ல. இது நடந்த கதை.

2002-ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பெட்டி என்றொரு காகம் இருந்தது. பசிபிக் கடலிலுள்ள நியூ கலிடோனியா தீவின் இனம். நிமிர்ந்து நின்ற குழாயின் அடியில் ஒரு சின்ன வாளி, அதற்குள் இறைச்சி. பக்கத்தில் கொக்கிக் கம்பி ஒன்று, நேர்க் கம்பி ஒன்று. கொக்கியை ஆண் காகம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. (வீட்டுக்கு வீடு வாசற்படி!) பெட்டி சளைக்கவில்லை. நேர்க் கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி, வாளியைத் தூக்கிவிட்டது. உலகமே வியந்தது. ஆனால், காட்டில் வளர்ந்த அவ்வினக் காகங்களும் குச்சியை வளைப்பதுண்டு என்று 2016-இல் தெரியவந்தது. ஆகவே அதை முழுப் புதுமை என்று சொல்வதற்கில்லை.

இதே மாதிரி வாளியையும் வளைகிற கம்பியையும் இங்கிலாந்தில் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2011-இல் வெளியானது. ஐந்து வயது வரையுள்ளவர்களில் மிகச் சிலருக்கே வளைக்கத் தோன்றியது. எட்டு வயதில்தான் பெரும்பாலோர் செய்தனர். ஆனால், ஒருவர் வளைத்துக் காட்டியதும் சின்னஞ்சிறுசுகள் பலவும் செய்துவிட்டன!

மனித மூளையின் பலம் அங்கேதான் இருக்கிறது என்பேன். பார்த்ததைப் பற்றிக்கொள்வது, பிறகு அதன்மேல் ஒன்றைச் சேர்ப்பது. நம் மலையிலுள்ள செமாய் மக்களின் ஊதுகுழாயைப் பாருங்கள். நீண்ட கணுவுள்ள மூங்கில், குழாய்க்குள் குழாய், அம்பு நுனியில் ஈப்போ மரத்தின் நச்சுப் பால். (ஈப்போ நகருக்குப் பெயர் தந்த மரம் அது.) அம்பின் அடியில், ஊதிய காற்று வீணாகாதபடி ஒரு நெட்டி. இத்தனையையும் ஒரே ஆள் ஒரே நாளில் யோசித்திருக்க முடியுமா? தாத்தா செய்ததைப் பேரன் பார்த்து, பேரன் ஒன்றைச் சேர்த்து வந்திருக்கிறது. கையால் கிள்ளிய கொழுந்துக்குக் கத்தரி வந்ததும், பின்பு இருவர் பிடிக்கும் இயந்திரம் வந்ததும் அவ்வழியில்தான்.

ஆகையால், அப்பா மோட்டார் சைக்கிளைக் கழற்றும்போது வந்து நிற்கும் பிள்ளையை "தள்ளிப் போ" என்று விரட்டாதீர்கள். பக்கத்தில் உட்காரட்டும். பழைய ஸ்பானர் ஒன்று கையிலிருந்தால் இன்னும் நல்லது. பெண்பிள்ளையாக இருந்தாலும்தான்; பெட்டி பெண் காகம்.