பதினான்கு வயதில் தீர்ப்பெழுத வேண்டாம்

ஒவ்வொரு கல்வியாண்டுத் தொடக்கத்திலும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு மாணவர் தேர்வு நடக்கிறது. ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளில் சேரலாம். இந்த வகுப்புகளின் வயதைக் கணக்கிட்டால், பெரும்பாலான பிள்ளைகளின் விளையாட்டு எதிர்காலம் பதினான்கு வயதுக்குள் முடிவாகிவிடுவது புரியும். கூடைப்பந்தைப் பொறுத்தவரை இந்த அவசரம் மற்ற ஆட்டங்களைவிடக் கூடுதலான சேதம் செய்கிறது. உயரமாக இருக்கும் பையன் உடனே எடுக்கப்படுகிறான். இரண்டு வருடத்தில் அவன் சொன்னபடி ஆடவில்லையென்றால் “ஹைட் இருந்து என்ன பிரயோஜனம்” என்ற ஒரே வாக்கியத்தில் கைவிடப்படுகிறான். குட்டையாக இருப்பவனை யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இளம் ஆட்டக்காரருக்கு வளர அவகாசம் தர வேண்டுமா என்ற கேள்வி அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் ரசிகர்கள் மட்டும் விவாதிக்கும் கேள்வியல்ல. ஜவ்வாது மலையில் காவலூரிலோ ஜமுனாமரத்தூரிலோ படிக்கும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையும் அதில் அடங்கியிருக்கிறது. என் பதில், தர வேண்டும் என்பதுதான். ஆனால் அவகாசம் என்ற பெயரில் நாம் இப்போது கொடுப்பது வெறும் காத்திருப்பு. அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் உடலைப் பற்றிப் பேசுவோம். ஆண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாக 14 வயதையொட்டி வருகிறது. பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 12. சராசரி என்பதுதான் இங்கே சிக்கல். ஒரு பையனுக்கு இது 12 வயதிலேயே வந்துவிடலாம், அவன் வகுப்புத் தோழனுக்கு 16 ஆகும்வரை வராமல் இருக்கலாம். இருவரையும் 13 வயதில் பக்கத்தில் நிறுத்தி அளந்தால் யார் முன்னே பருவமடைந்தார் என்பது தெரியும். யார் நல்ல ஆட்டக்காரராவார் என்பது தெரியாது. வேகமாக உயரும் அந்த ஒன்றிரண்டு வருடங்களில் கைகால் ஒத்திசைவு தடுமாறுவதும் இயல்பு. நேற்றுவரை சரியாக விழுந்த பந்து இன்று வளையத்தில் பட்டுத் தெறிக்கும். அந்தக் கட்டத்தில் மதிப்பிடப்படும் பிள்ளைக்கு அது பெரும் அநீதி. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களை வைத்து 1985இல் வெளியான ஆய்வு, வயதுப் பிரிவின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகிறார்கள் என்று காட்டியது. சில மாத மூப்பு திறமையாகத் தெரிகிறது. அதனால் கூடுதல் பயிற்சி கிடைக்கிறது. அந்தப் பயிற்சியால் திறமை உண்மையாகவே கூடிவிடுகிறது. நம் ஊரில் இதோடு வயதைக் குறைத்துக் காட்டும் மோசடியும் சேர்ந்துகொள்கிறது. 13 வயதுக்குட்பட்டோர் போட்டியில் உண்மையான 13 வயதுப் பிள்ளை, தன்னைவிட இரண்டு வயது மூத்தவரோடு மோதித் தோற்று வீடு திரும்புகிறது.

தாமதமாக மலர்ந்தவர்களுக்கு உலகக் கூடைப்பந்தில் பஞ்சமில்லை. டென்னிஸ் ராட்மன் பள்ளிப் படிப்பை முடித்தபிறகுதான் உயரமாக வளர்ந்தார். இடையில் விமான நிலையத்தில் துப்புரவுப் பணி செய்துகொண்டிருந்தார். மைக்கேல் ஜோர்டனைப் பள்ளி அணியிலிருந்து விரட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை நம் ஊக்கமூட்டும் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. நடந்தது வேறு. 1978இல் லேனி உயர்நிலைப் பள்ளியில் மூத்தோர் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இளையோர் அணியில் சேர்க்கப்பட்டார். அந்த வருடம் அங்கே ஆடினார். அவரை யாரும் நிராகரிக்கவில்லை. அவர் உடலுக்கேற்ற இடத்தில் அவரை ஆடவிட்டார்கள். அவகாசம் என்று நான் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

இந்தியாவில் இதைச் சோதித்துப் பார்க்க நமக்கு ஒரே அகாடமியிலிருந்து வந்த இரண்டு பேர் இருக்கிறார்கள். முதலாமவர் சத்னாம் சிங் பமாரா. பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்ற சிற்றூர். சிறுவயதிலேயே வியக்கவைக்கும் உயரம். லூதியானா கூடைப்பந்து அகாடமியில் பயிற்சியாளர் எஸ். சுப்பிரமணியனிடம் ஆட்டம் கற்றார். 2010இல், 14 வயதில், உதவித்தொகையுடன் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள ஐஎம்ஜி அகாடமிக்குப் போனார். 2015 ஜூனில் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணி அவரை 52ஆவது தேர்வாக எடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் டிராஃப்டில், அதாவது புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுக்கப்பட்டது அதுவே முதல்முறை. அப்போது அவருக்கு வயது 19. கல்லூரி அணியிலோ எந்த நாட்டின் தொழில்முறை அணியிலோ ஆடிய அனுபவம் இல்லை. அடுத்த இரண்டு பருவங்களை டெக்சஸ் லெஜண்ட்ஸ் என்ற கீழ்நிலை அணியில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தே கழித்தார். என்பிஏவின் ஒரு முறையான ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. பிறகு கனடாவின் லீகில் ஒரு பருவம். 2019இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி இரண்டு வருடத் தடை. 2021இல் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

இரண்டாமவர் அம்ரித்பால் சிங். கபடி ஆடிக்கொண்டிருந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பதின்பருவம் முடியும் தறுவாயில்தான் கூடைப்பந்தைக் கையில் எடுத்தார். நம் விடுதித் தேர்வுகளின் கணக்கில் காலம் கடந்துபோன ஆள். அதே லூதியானா அகாடமி அவரைச் சேர்த்துக்கொண்டது. 2014இல் சீனாவின் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா 65-58 என்று சீனாவை வென்றது. நம் கூடைப்பந்தின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றைப் பெற்ற அந்த அணியில் அவர் இருந்தார். ஜப்பானில் தொழில்முறையாக ஆடினார். 2017இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. தாமதமாகத் தொடங்கியவர் இவ்வளவு தூரம் வந்தார். காரணம், உள்நாட்டுப் போட்டிகளிலும் தேசிய அணியிலும் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்ததுதான்.

சத்னாமுக்கு அவகாசம் கொடுக்கப்பட்டது, அவர்தான் பயன்படுத்தவில்லை என்று வாதிடுவோர் உண்டு. ஃபுளோரிடாவில் ஐந்து வருடம், டெக்சஸில் இரண்டு பருவம், இதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல இன்னொரு மைய ஆட்டக்காரரைப் பார்க்க வேண்டும். 2014 டிராஃப்டில் 41ஆவது தேர்வாக எடுக்கப்பட்டவர் செர்பியாவின் நிகோலா யோகிச். டென்வர் அணி அவரை உடனே அழைத்துக்கொள்ளவில்லை. இன்னொரு வருடம் செர்பியாவின் மேகா அணியிலேயே விட்டுவைத்தது. அங்கே அவர் பெஞ்சில் இல்லை. வாரந்தோறும் களத்தில், வயதில் மூத்த தொழில்முறை வீரர்களுக்கு எதிராக ஆடினார். 2015இல் டென்வர் வந்தார். 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். யோகிச்சின் திறமையும் சத்னாமின் திறமையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அபத்தம். ஆனால் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்ட இருவரில் ஒருவருக்குத் திரும்பிப்போய் ஆட ஒரு லீக் இருந்தது, மற்றவருக்கு இல்லை. சத்னாம் டெக்சஸிலிருந்து திரும்பிய காலத்தில் இந்தியாவில் நிலையான தொழில்முறை லீக் கிடையாது. 2015இல் தொடங்கிய யுபிஏ லீக்கும் இரண்டே வருடங்களில் ஓய்ந்துவிட்டது. பெஞ்சில் கழிந்த வருடங்களை அவகாசக் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. 2003இல் இரண்டாவது தேர்வாக டெட்ராய்ட் அணிக்குப் போன 18 வயது டார்கோ மிலிசிச்சுக்கு நேர்ந்ததும் இதேதான். கோப்பை வெல்லத் துடித்த அணியில் அவருக்குக் களத்தில் நேரமே கிடைக்கவில்லை.

காத்திருப்பதற்கும் வளர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. காவலூர் மலையில் நிற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் வரலாறே போதும். 1968இல் அங்கே முதலில் வைக்கப்பட்டது 38 சென்டிமீட்டர் கருவி. அதைக் கொண்டே வேலையைத் தொடங்கினார்கள். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. உள்நாட்டிலேயே பெரிய தொலைநோக்கி ஒன்றைக் கட்ட வேண்டும் என்று உழைத்த வானியலாளர் வைணு பாப்பு 1982இல் மறைந்தார்; பணி நிற்கவில்லை; 1986 ஜனவரியில் அது அவர் பெயரிலேயே இயங்கத் தொடங்கியது. அதன் முதன்மை ஆடியை உருவாக்கிய விதம் கவனிக்கத்தக்கது. தேய்ப்பார்கள், அளப்பார்கள், பிழை எங்கே என்று குறிப்பார்கள், மறுபடி தேய்ப்பார்கள். அவசரப்பட்டு முடித்திருந்தால் ஆடி கெட்டிருக்கும். தேய்க்காமல் பத்திரமாக வைத்திருந்தால் அது வெறும் கண்ணாடியாகவே இருந்திருக்கும். வளரும் ஆட்டக்காரருக்குத் தேவைப்படுவதும் இந்த ஒழுங்குதான்: அவர் நிலைக்கேற்ற ஆட்டம், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நேர்மையான மதிப்பீடு, எதைத் திருத்த வேண்டும் என்ற தெளிவான சொல், மறுபடி ஆட்டம்.

இடங்கள் குறைவு என்பது இதற்கு எதிரான வலுவான வாதம். ஒரு விடுதியில் இருக்கும் இடங்களில் ஒன்றைத் தேறாத பிள்ளைக்கு மூன்று நான்கு வருடம் ஒதுக்கினால், வெளியே நிற்கும் இன்னொரு பிள்ளையின் வாய்ப்பு பறிபோகிறதே என்று பயிற்சியாளர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கவலை உண்மையானது. ஆனால் வருடாவருடம் ஆளை மாற்றுவதால் அந்த இன்னொரு பிள்ளைக்கும் நியாயம் கிடைத்துவிடுவதில்லை. அடுத்த வருடம் அதே கத்தி அவர் கழுத்துக்கும் வருகிறது. முடிவில் யாரும் முழுமையாக வளர்வதில்லை. முன்னேற்றத்தை எப்படி அளக்கிறோம் என்பதை மாற்றினால் இந்தச் சிக்கலில் பாதி தீரும். பிள்ளையை அடுத்தவரோடு ஒப்பிடாமல், ஆறு மாதத்துக்கு முந்தைய அவரோடு ஒப்பிட வேண்டும். உழைப்பு இல்லை, முன்னேற்றமும் இல்லை என்று பதிவேடு காட்டினால் அனுப்பிவிடலாம்; அதில் எனக்கு மறுப்பில்லை. அவகாசம் சோம்பலை வளர்க்கும் என்ற பயத்துக்கும் இதுவே பதில்.

குடும்பங்களால் காத்திருக்க முடியாது என்பது இதைவிடக் கடினமான வாதம். மலையில் சாமையும் வரகும் விளைவித்துப் பிழைக்கும் குடும்பத்திடம், உங்கள் மகன் 22 வயதில் நல்ல ஆட்டக்காரராவான் என்று சொல்லி என்ன பயன்? இங்கேதான் தமிழ்நாடு தன் கையில் ஏற்கெனவே இருக்கும் வழியை நினைவுகூர வேண்டும். நம் கூடைப்பந்தைத் தாங்கியது லீக் பணமல்ல, விளையாட்டுக் கோட்டா வேலை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே போன்ற அணிகள் ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளமும் மாலைப் பயிற்சியும் கொடுத்து, இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர விட்டன. பெரியகுளத்திலும் கோயம்புத்தூரிலும் வருடந்தோறும் நடக்கும் அகில இந்தியப் போட்டிகள் அவர்களுக்குக் களம் கொடுத்தன. தெற்கு ரயில்வேயின் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணியின் தலைவரானார். ஒன்பது ஆசியக் கூட்டமைப்புப் போட்டிகளில் ஆடினார். தாயான பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். இவ்வளவு நீண்ட ஆட்ட வாழ்க்கை தனிமனித உறுதியால் மட்டும் வந்துவிடாது. வேலை நிச்சயம் என்ற தரை காலடியில் இருந்ததும் ஒரு காரணம். அந்தத் தரை இப்போது சுருங்கிவருவதுதான் உண்மையான ஆபத்து. 13, 16, 18 என்று வயதுப் பிரிவுகளில் ஆடிவிட்டு வெளியே வரும் பிள்ளை, 18இலிருந்து 25வரை எங்கே ஆடுவது? கல்லூரி விளையாட்டு ஒதுக்கீடு மூன்று வருடம் தாங்கும். 2025 தொடக்கத்தில் 25 வயதுக்குட்பட்டோருக்கென ஆறு அணிகளோடு ஒரு தொழில்முறை லீக் நடந்தது, சென்னை ஹீட் அதில் ஒன்று. நல்ல தொடக்கம், ஆனால் ஆறு அணிகளில் எத்தனை பேருக்கு இடமிருக்கும்?

காவலூர்ப் பிள்ளைக்கு இதையெல்லாம்விட முந்திய தடை ஒன்று இருக்கிறது. சென்னைப் பள்ளி மாணவர் எட்டு வயதில் தொடும் பந்தை அவர் பதினைந்தில் தொடுவார், அதுவும் ஆலங்காயத்துக்கோ வாணியம்பாடிக்கோ படிக்க இறங்கிய பிறகு. ஏறி இறங்கிப் பழகிய கால்களும் மூச்சுத் திறனும் அவரிடம் இருக்கும். பந்தைத் தட்டத் தெரியாது. இப்போதுள்ள தேர்வில் அவர் ஐந்து நிமிடத்தில் வெளியே நிற்பார். அம்ரித்பால் அந்த வரிசையில் நின்றிருந்தாலும் இதே கதிதான்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாநிலக் கூடைப்பந்துக் கழகமும் இதை மாற்ற முடியும். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையில் ஒரு பகுதி இடங்களை, பந்து தெரியாவிட்டாலும் உடல்திறனுள்ள மலைப்பகுதி, கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். விடுதியில் சேர்ந்தவரைப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை வெளியேற்ற மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள்; ஒழுங்கீனமும் உழைப்பின்மையும் மட்டும் விதிவிலக்காகட்டும். மாவட்ட அணிகள் கோப்பைக்காகத் தேறிய ஐவரையே நாற்பது நிமிடமும் ஓடவிடாதபடி, இளையோர் போட்டிகளில் ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச ஆட்ட நேரத்தை விதியாக்குங்கள். இதற்குப் புதிய அரங்கமோ பெரிய நிதியோ தேவையில்லை. அடுத்த தேர்வு அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பே செய்துவிடலாம்.