கார் ஷெட்டுக்கு என்ன லைட் போடலாம்?

"கரண்ட் மிச்சம் தம்பி." எல்இடி வாங்கப் போனால் கடை அண்ணாச்சி முதலில் சொல்வது இதைத்தான். ஹாலுக்கு அது சரி. கார் ஷெட்டுக்கு அதைப் பார்த்து வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

காமர்ஸ் படிக்கிறவன் கணக்குப் போடாமல் விடுவேனா? பழைய நாலடி ட்யூப்லைட் சோக்கோடு சேர்த்து சுமார் 50 வாட் இழுக்கும். எல்இடி பேட்டன் 20 வாட். ஷெட்டில் தினம் ஒரு மணி நேரம் எரிந்தால் வருஷத்துக்கு மிச்சம் 11 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலும் 66 ரூபாய்தான்! அட்டையில் போட்டிருக்கும் 25,000 மணி நேர ஆயுளையும் இதே கணக்கில் பார்த்தால் 68 வருஷம். பேரன் காலம் வரை எரியுமாம் :-)

எரியாது மக்களே. பெரும்பாலும் முதலில் போவது எல்இடி இல்லை, அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர். முத்துக் குளித்த கொற்கையை விட்டுக் கடலே சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. நம்ம தூத்துக்குடிப் பக்கம் உப்புக்காற்று மட்டும் போகவில்லை. கேட் கொண்டியே துருப்பிடிக்கிற ஊரில் திறந்த ஷெட்டில் மாட்டுகிற லைட் என்ன ஆகும்?

அதனால் வாட்டை விடுங்கள், அட்டையில் ஐபி எண்ணைப் பாருங்கள். மலிவு பேட்டன் பெரும்பாலும் ஐபி20. கடைசி எண் 0 என்றால் தண்ணீருக்குப் பாதுகாப்பே கிடையாது. ஐபி65 என்றால் தூசி புகாது, தண்ணீரைப் பீய்ச்சினாலும் தாங்கும். உப்பை அந்த எண் சோதிப்பதில்லை, ஆனால் மூடிய கூட்டுக்குள் உப்புக்காற்று அவ்வளவு சுலபமாகப் போகாது. இரும்புத் தகடு வேண்டாம், பாலிகார்பனேட் கூடு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப் கேளுங்கள். அரசின் இஇஎஸ்எல் மொத்தமாக வாங்கிய எல்இடி பல்பு 2014-ல் 310 ரூபாய்; 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. வெளிச்சம் மலிந்துவிட்டது. நாம் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டியது கூட்டுக்குத்தான்.

இன்னொன்று. நடுவில் ஒரே பெரிய லைட் மாட்டினால் பானெட்டைத் திறந்ததும் நம் நிழலே இன்ஜின் மேல் விழும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போடுங்கள். நிறம் சரியாகத் தெரிய சிஆர்ஐ 80-க்கு மேல் இருக்கட்டும். சிவப்பு ஒயரா பிரவுன் ஒயரா என்று தடவிக்கொண்டிருக்க வேண்டாம்.

மறக்காமல் பில் வாங்குங்கள். 68 வருஷத்துக்கு அண்ணாச்சி வாரண்டி தரமாட்டார், அட்டையில் போட்ட வருஷத்துக்காவது கேட்கலாம்.