யந்திரத்தின் பலத்தை அளந்து அறிவோம்

பழுது பார்த்து வந்த ஆயில் எஞ்சினை ஓட்டிப் பார்த்து, அதன் சத்தத்தைக் கேட்டே "நல்ல பலம் வந்துவிட்டது" என்று திருப்தியடைவது நம்மில் பலருக்கு வழக்கம். கூலியைக் கொடுத்துத் தீர்த்த பின்னர், தக்காளி வயலின் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் எட்டாதபோதுதான் உண்மை விளங்குகிறது. கடன் நிற்கிறது, பயிர் வாடுகிறது. யந்திரத்தின் பலத்தைக் காதினால் அறிய இயலாது. அளந்தே அறிய வேண்டும்.

சிலிண்டர் பெரிதானால் பலமும் பெரிதாகும் என்பது பாதி உண்மையே. எவ்வளவு காற்று உட்புகுகிறதோ, அதற்கேற்ற எரிபொருளே நன்கு எரியும். அக்காற்றுக்கு வாசற்கதவாக இருப்பவை சிலிண்டர் ஹெட்டிலுள்ள வால்வுகள். இங்கிலாந்தின் பொறியறிஞர் ஹாரி ரிக்கார்டோ, 1920-ஆம் ஆண்டையொட்டி, ஹெட்டின் உள்வடிவை மாற்றிக் காற்று நன்கு சுழன்று கலக்குமாறு செய்து, அக்காலத்துப் பக்கவால்வு யந்திரங்களின் திறனை உயர்த்திக் காட்டினார்.

நம் ஓசூரிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1980-இல் மொபெட் செய்யத் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம், 2018-இல் ஒரே 159.7 கன சென்டிமீட்டர் அளவில் இருவகை அப்பாச்சி வண்டிகளை விற்றது. இரண்டு வால்வு வண்டியின் உச்சத் திறன் ஏறத்தாழ 15 குதிரைச் சக்தி. நான்கு வால்வு வண்டிக்கு 16-க்கு மேல். ஆனால் முன்னதன் உச்ச முறுக்கு விசை 4000 சுற்றிலேயே கிடைத்தது. பின்னதற்கு 6500 சுற்று தேவைப்பட்டது. வேறுபாடு முழுவதும் ஹெட்டினால் மட்டுமே வந்ததன்று. ஆயினும், எத்தனை குதிரைச் சக்தி என்று மட்டும் கேட்டால் போதாது, எத்தனை சுற்றில் என்றும் கேட்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. 1500 சுற்றில் ஓடும் பம்பு எஞ்சினுக்கு 6500 சுற்றின் பலத்தால் யாது பயன்?

மோட்டார்த் தொழிலில் இதற்கு இரண்டு பரீட்சைகள் உண்டு. ஹெட்டைத் தனியே மேடையில் பொருத்தி, வால்வு சிறிது சிறிதாக உயரும்போது எவ்வளவு காற்று செல்கிறதென்று அளப்பது ஒன்று. முழு எஞ்சினையும் டைனமோமீட்டரில் பூட்டிப் பளு ஏற்றி, ஒவ்வொரு வேகத்திலும் முறுக்கு விசையைக் குறிப்பது மற்றொன்று. ஒரு மாற்றத்தைச் செய்து, மற்றவற்றை மாற்றாமல், முன்னும் பின்னும் அளப்பதே இவற்றின் சாரம்.

இம்முறையை நாமும் கைக்கொள்ளலாம். பழுதுக்கு அனுப்புமுன், அளவு தெரிந்த ஒரு தொட்டி நிரம்ப எத்தனை நிமிஷம், எவ்வளவு டீசல் என்று குறித்து வையுங்கள். திரும்பி வந்ததும், கிணற்றில் நீர்மட்டம் அதே அளவில் இருக்கும்போது மறுபடி அளவுங்கள். ஹெட் கழற்றப்பட்டிருக்கையில், மூடிய வால்வின் துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள்; கசிந்தால் வால்வு சரியாக அமரவில்லை. டாப்பெட் இடைவெளி குறிப்புப்படி உள்ளதா என்றும் கேளுங்கள். அது மிகக் குறைந்தால் வால்வு முழுதும் மூடாமல் கருகிவிடும். மின்தடையில் ஜெனரேட்டர் வைத்துத் தறி ஓட்டும் நெசவாளர்கள், வேகம் தளராமல் எத்தனை தறிகள் ஓடுகின்றன என்று முன்னும் பின்னும் எண்ணிப் பார்ப்பார்களாக.

சங்கங்கள் எஞ்சின் பழுதுக்குக் கடன் வழங்கும்போது, இவ்விரு அளவுகளையும் எழுதி வாங்குவதை ஒரு விதியாகக் கொள்ள வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். இதற்கு ஒரு கடிகாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். நூலை நிறுத்து வாங்கும் நாம், பலத்தை மட்டும் நிறுக்காமல் வாங்குவது தகுமா?