ஒற்றன் மீண்டும் வரட்டும். பழைய பொய் வேண்டா!



பிரித்தானியப் போர்ப் படக்கதைகளின் பழைய நாயகர்களை மீட்டெடுக்கும் பணி சில காலமாக நடந்து வருகிறது. வானோடி பேட்லர் பிரிட்டன் 2006-இல் கார்த் எனிஸின் எழுத்தில் திரும்பி வந்தார். 1975-இல் தோன்றிய ‘பேட்டில்’ இதழின் நாயகர்கள் 2022-இல் ‘பேட்டில் ஆக்‌ஷன்’ என்னும் பெயரில் வந்தனர். 1961-இல் தொடங்கிய ‘கமாண்டோ’வோ இன்றும் நிற்காமல் வெளிவருகிறது. எனவே, பழைய நாயகர்கள் வரலாமா என்பது இனிக் கேள்வியே அன்று. எப்படி வரவேண்டும் என்பதே கேள்வி.

“இதில் நமக்கு என்ன?” என்று சிலர் கேட்கக்கூடும். நமக்கும் பங்கு உண்டு. 1972-இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. அவர் 1962-இல் லண்டன் ‘வேலியண்ட்’ இதழில் பிறந்தவர். பின்னர் இரகசிய உளவாளியாக மாறியவர். ஜானி நீரோவும், லாரன்ஸ்-டேவிட் இணையும் அதே பிரித்தானியப் படக்கதை உலகிலிருந்து வந்தவர்களே. தமிழ்ச் சிறுவர் பலர் உளவாளியை முதலில் கண்டது அந்தப் பக்கங்களில்தான். அங்கே கற்ற வீரத்தின் இலக்கணம் நெஞ்சில் எளிதில் அழிவதில்லை. ஆகவேதான் எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒருவரைக் கொள்வோம். 1974 செப்டம்பரில், டண்டி நகரின் டி.சி. தாம்சன் நிறுவனம் ‘வார்லார்ட்’ என்னும் வார இதழைத் தொடங்கியது. 1986 வரை வந்த அவ்விதழின் தலைமை நாயகர் பீட்டர் பிளின்ட் பிரபு. இரண்டாம் உலகப்போர்க் காலம். ஊர் உலகத்திற்கு அவர் போருக்குப் போக மறுத்த கோழை, சொகுசுப் பிரபு. உண்மையிலோ அவர்தாம் நாட்டின் தலைசிறந்த ஒற்றர், மறைபெயர் ‘வார்லார்ட்’. பகைவனின் குண்டைவிடச் சொந்த மக்களின் ஏளனமே அவருக்குப் பெரிய சுமை.

நண்பர்களே, இந்தக் கருவின் ஆழத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வள்ளுவப் பெருந்தகை ஒற்றுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஐயம் எழாத உருவம், அஞ்சாத நெஞ்சம், எங்கும் மறைபொருளை வெளியிடாத உறுதி ஆகியவற்றை ஒற்றனின் இலக்கணமாக்கினார். ஒற்றனைப் பிறர் அறியச் சிறப்பிக்கவும் கூடாது, சிறப்பித்தால் மறை வெளிப்பட்டுவிடும் என்று எச்சரித்து அதிகாரத்தை முடித்தார். பிளின்ட் பிரபு அந்த இலக்கணத்திற்கு இசைந்த பாத்திரம். கைத்தட்டல் இல்லாமல் கடமை செய்வது எப்படி? பாராட்டும் பரிசும் இல்லாவிட்டால் எதையும் செய்யத் தயங்கும் தலைமுறைக்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? இந்த உயிர்க்கரு காக்கப்பட வேண்டும்.

ஆனால், மீட்டெடுப்போரில் இரு கட்சியினர் உள்ளனர். இருவரோடும் எனக்குப் பிணக்கு உண்டு.

முதற்கட்சியார், “ஒரு கோட்டையும் மாற்றாதே, பழையபடியே கொடு” என்பவர்கள். அவர்கள் விரும்புவது நாயகனை அன்று, தங்கள் இளமையை. இவர்கள் காக்க நினைக்கும் கதையில் ஒரு பெரும் பொய் இருக்கிறது. போரிட மறுப்பவன் கோழை என்பதே அது. பிளின்டின் முகமூடி செல்லுபடியாவது அந்தப் பொய்யால்தான். வரலாறு வேறு சொல்கிறது. அப்போரில் பிரித்தானியாவில் ஏறத்தாழ 60,000 பேர் மனச்சான்றின் பெயரால் ஆயுதம் ஏந்த மறுத்துப் பதிவு செய்தனர். அவர்களுள் சில நூறு பேர் வெடிக்காத குண்டுகளைத் தோண்டி அகற்றும் பணிக்குத் தாமே முன்வந்தனர். வேறு சிலர் மருத்துவ உதவியாளராகி, 1944 ஜூனில் துப்பாக்கியின்றி வான்குடையில் நார்மண்டியில் குதித்தனர். இவர்களா கோழைகள்? இந்த உண்மை தெரிந்த பிறகும் அந்தச் சொல்லைத் திருத்தாமல் பிள்ளைகள் கையில் கொடுப்பது நேர்மையா?

இரண்டாம் கட்சியார், “காலம் மாறிவிட்டது; நாயகனையும் மாற்று” என்பவர்கள். அவர்கள் கையில் ஒற்றன் குடிகாரனாவான், கொள்கையற்றவனாவான், எதையும் நம்பாதவனாவான். இதற்கு ‘முதிர்ச்சி’ என்று பெயர் வேறு! நம்பிக்கையைப் பிடுங்கி எறிவது முதிர்ச்சியன்று. 1979-இல் பேட் மில்ஸ் எழுதி ஜோ கோல்குஹூன் வரைந்த ‘சார்லீஸ் வார்’ போரின் கொடுமையை ஒளிக்காமல் காட்டியது. ஆயினும் சார்லியின் நல்லுள்ளத்தைக் கொல்லவில்லை. உண்மையும் அறமும் ஒரே பக்கத்தில் நிற்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

அப்படியானால் எப்படி மீட்பது? என் கருத்து இதுதான்: நாயகரின் நெஞ்சை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அவரைச் சுற்றியுள்ள உலகத்தை உண்மையாக்குங்கள். போரிட மறுத்த உண்மையான மனிதர் ஒருவரைப் பிளின்டின் எதிரே நிறுத்துங்கள். தாம் வேடமாகப் போட்டுக்கொண்டதை ஒருவர் கொள்கையாக வாழ்வதைக் கண்டு அந்தப் பிரபு தலைகுனியட்டும். எத்தகைய கதை கிடைக்கும், பாருங்கள்!

உளவு என்பது பிரபுக்களின் தனிச்சொத்தும் அன்று. பரோடாவின் இசைமரபில் வந்த சூஃபி ஞானியின் மகள் நூர் இனாயத் கான், 1939-இல் புத்த சாதகக் கதைகளைச் சிறுவர்க்காக எழுதி வெளியிட்டவர். அவரே 1943-இல் கம்பியில்லாத் தந்தி இயக்குநராகப் பாரிஸ் சென்றார். பிடிபட்டு, 1944 செப்டம்பரில் டாகாவ் முகாமில் கொல்லப்பட்டார். நம் மண்ணிலே, 136-ஆம் படைப்பிரிவின் லிம் போ செங், சித்திரவதையிலும் தோழர்களைக் காட்டிக்கொடுக்காமல் 1944 ஜூனில் பத்து காஜா சிறையில் உயிர்நீத்தார். இருவரும் பிரித்தானிய இரகசிய அமைப்புகளோடு பணியாற்றியவர்களே. போர்ப் படக்கதைகளின் புதிய பக்கங்களில் இவர்களைப் போன்றோர் பிளின்டுக்குத் துணைவர்களாக அல்ல, நிகரானவர்களாக நிற்க வேண்டும்.

பெற்றோர்களே, படக்கதை என்றவுடன் பறித்து வைக்காதீர்கள். ஆசிரியர்களே, “படி” என்று மட்டும் சொல்லி ஒதுங்காதீர்கள். பிள்ளையோடு அமர்ந்து, “இவரை ஊரார் கோழை என்றார்களே, கோழை என்றால் யார்?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விக்கு இடம் தரும் கதை மீண்டும் வரட்டும். இடம் தராத கதை, எவ்வளவு பழம்பெருமை உடையதாயினும், பழைய பெட்டியிலேயே உறங்கட்டும்.

மாற்றுக் கருத்து உடையோர் மறுமொழி எழுதுக.